கொடியைக் கீழே விடாத சார்ஜெண்ட் கார்னி: பதக்கத்துக்கு ஏன் 37 வருஷம்?

நெய்தல்வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

நேற்றுக் காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டிருந்தார். சீருடையில் ஒரு கறுப்பினச் சிப்பாய், கையில் அமெரிக்கக் கொடி. கீழே ஒரே வரி: "அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்." வழக்கமாக இந்த மாதிரி ஃபார்வர்டுகளை நான் திறப்பதே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கடந்து போக முடியவில்லை. ராத்திரி ஒரு மணி வரை தேடிப் படித்தேன்.

பெயர் வில்லியம் ஹார்வி கார்னி. 1840 பிப்ரவரி 29-ல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் அடிமையாகப் பிறந்தவர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றம். பதினான்கு வயது வாக்கில் ஒரு போதகர் ரகசியமாக நடத்திய பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறார். பிறகு குடும்பம் வடக்கே மாசசூசெட்ஸில் உள்ள நியூ பெட்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் நிற்கும் துறைமுக ஊர். தெற்கிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒதுங்க ஏற்ற இடம். அடிமை ஒழிப்புக்குக் குரல் கொடுத்த பேச்சாளர் ஃப்ரெட்ரிக் டக்ளஸ் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து முதலில் குடியேறியதும் அதே ஊர்தான்.

கார்னிக்குப் போதகராகத்தான் ஆசை. அடிமைமுறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு மோதிய உள்நாட்டுப் போர் நடந்த நேரம். 1863-ல் வடக்கு கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கத் தொடங்கியதும் மனதை மாற்றிக்கொண்டார். நாட்டுக்கும் ஒடுக்கப்பட்ட தன் சகோதரர்களுக்கும் உழைப்பதுதான் கடவுளுக்குத் தான் செய்யக்கூடிய நல்ல ஊழியம் என்று அந்த வருஷமே ஒரு பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். அவர் சேர்ந்தது கறுப்பினச் சிப்பாய்களின் ரெஜிமெண்டான 54-வது மாசசூசெட்ஸ் காலாட்படை, சி கம்பெனி.

1863 ஜூலை 18, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே மோரிஸ் தீவு. அங்கே தெற்குப் படையின் கையில் வாக்னர் கோட்டை என்று ஒரு மணல் அரண். மாலை மங்கும் நேரத்தில் 54-வது ரெஜிமெண்ட் முன்வரிசையில் போகிறது, சுமார் 600 பேர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் ஒடுங்கிய மணல்பாதை. கொடி பிடித்திருந்தவர் குண்டடிபட்டு விழ, கார்னி தன் துப்பாக்கியை வீசிவிட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டார். அரணின் மேட்டுக்கு ஏறி அங்கே நட்டார். படை பின்வாங்கியபோது துணியைக் கம்பில் சுற்றிக்கொண்டு, உடம்பில் பல காயங்களோடு திரும்பி வந்தார். வழியில் வேறொரு ரெஜிமெண்ட்காரர் "கொடியை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றபோது, 54-வது ரெஜிமெண்ட் ஆளைத் தவிர யாரிடமும் தர மாட்டேன் என்றிருக்கிறார். கூடாரத்துக்கு வந்து சேர்ந்ததும் சொன்னது: "பையன்களா, நான் என் கடமையைத்தான் செய்தேன். கொடி தரையைத் தொடவே இல்லை."

சித்தப்பா சொன்ன அந்த உச்சப் பதக்கம், மெடல் ஆஃப் ஆனர், வந்தது 1900 மே 23. கிட்டத்தட்ட 37 வருஷம் கழித்து. என் கேள்வி அதுதான். ஏன்?

குறுக்குக்கேள்வி

ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது? தோல் நிறம். அடுத்த இழைக்குப் போகலாம்.

எனக்குப் புரியாதது வேறு. 600 பேர் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு ஆள் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துணியைக் காப்பாற்றுகிறார். அதற்குப் பதக்கம். ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் ஒத்துக்கொள்வேன்.

பழைய ஹவில்தார்

தம்பி, "துணி" என்று சொன்னதற்காக நான் கோபப்படப் போவதில்லை. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவன் என்பதால் விளக்கம் மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காலத்துக் கரி வெடிமருந்தின் புகையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாலு முறை எல்லோரும் சேர்ந்து சுட்டால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. அதிகாரி கத்துவது காதில் விழாது. வயர்லெஸ் கிடையாது. நம் ஆட்கள் எங்கே, முன்னால் போகிறோமா பின்னால் வருகிறோமா என்று சிப்பாய்க்குத் தெரிய ஒரே வழி தலைக்கு மேலே ஆடும் கொடி. அது நகர்ந்தால் நகர வேண்டும், நின்றால் அங்கே கூட வேண்டும். கொடி விழுந்தால் ரெஜிமெண்ட் கூட்டமாகிவிடும். அதனால்தான் எதிரி முதலில் குறி வைப்பது கொடிக்காரனை. கொடிக்குக் காவலாகவே கார்ப்பரல்கள் நிற்பார்கள், அவர்களும் வரிசையாக விழுவார்கள்.

அளவையும் யோசியுங்கள். அமெரிக்கக் காலாட்படையின் கொடி ஆறடி உயரம், ஆறரை அடி நீளம், பட்டு. கம்பு பத்தடிக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு. கடற்கரை, மாலைக் காற்று. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடுகிற மாதிரி. இரண்டு கையும் போய்விடும், திருப்பிச் சுட முடியாது. துப்பாக்கியை ஏன் போட்டார் என்றால், வேறு வழி இல்லை. ஆயுதமே இல்லாமல் எல்லோருக்கும் முன்னால் போகும் ஆள் அவர்.

எங்கள் பக்கம் இதை நிஷான் என்போம். குடியரசுத் தலைவர் கையால் தருவார். இப்போது அதைச் சண்டைக்குக் கொண்டுபோவதில்லை, அணிவகுப்போடு சரி. பிரிட்டிஷ்காரர்கள் கடைசியாகக் கொடியோடு போருக்குப் போனது 1881-ல் தென்னாப்பிரிக்காவின் லாயிங்ஸ் நெக்கில். அதிகாரிகள் மளமளவென்று விழுந்ததைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டார்கள்.

சுவடி

குறுக்குக்கேள்விக்கு: "தோல் நிறம், முடிந்தது" என்று மூட முடியாது. விஷயம் அதைவிடச் சிக்கல்.

முதலில் அந்த ஃபார்வர்டில் உள்ள "முதல்" என்ற சொல். பதக்கத்தைக் கையில் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் கார்னி இல்லை. ராபர்ட் பிளேக் என்ற கடற்படை ஆள், அவரும் அடிமையாக இருந்தவர், 1863 கிறிஸ்துமஸ் அன்று மார்பிள்ஹெட் என்ற கப்பலில் செய்த செயலுக்கு 1864-லேயே பெற்றுவிட்டார். அதுவும் சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில், ஸ்டோனோ ஆற்றில் நடந்த சண்டைதான். 1864 செப்டம்பர் 29-ல் வர்ஜீனியாவின் நியூ மார்க்கெட் ஹைட்ஸில் சண்டையிட்ட 14 கறுப்பினச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் அடுத்த வருஷமே பதக்கம் வந்தது. அவர்களிலும் சிலர் விழுந்த கொடியை எடுத்தவர்கள்தான். கார்னியை "முதல்" என்பது ஒரே ஒரு பொருளில் சரி: பதக்கம் பெற்ற கறுப்பினத்தவரின் செயல்களில் காலத்தால் முந்தியது அவருடையது. செயல் முதலில், பதக்கம் பின்னால்.

அப்படியானால் 1865-ல் மற்றவர்களுக்குக் கொடுத்தவர்கள் இவருக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? அந்தப் பதக்கம் அப்போது இன்றைய பதக்கமே இல்லை. தரைப்படைக்கு அது உருவானதே 1862 ஜூலையில். இதற்குக் கீழே வேறு பதக்கம் எதுவும் கிடையாது, பரிந்துரைக்கு ஒழுங்கான முறையும் கிடையாது. மேலதிகாரி எழுதினால் உண்டு. 54-வது ரெஜிமெண்டின் கர்னல் ராபர்ட் கோல்ட் ஷா அன்று அரண் மேட்டிலேயே இறந்துபோனார்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் தாமதமானது. அதே 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்றைக் காத்த ஜோஷுவா சேம்பர்லின், அதற்குள் மேய்ன் மாநில கவர்னராகவே இருந்து முடித்தவர், 1893-ல்தான் வாங்கினார். முப்பது வருஷம். 1890-களில் பழைய சிப்பாய்கள் வயதாகி, சங்கம் வைத்து, சாட்சிக் கடிதங்களோடு விண்ணப்பம் போட்டார்கள். உள்நாட்டுப் போருக்கான பதக்கங்களில் பெரும்பங்கு அந்த அலையில் வந்தது.

குறுக்குக்கேள்வி

ஆக, கவர்னர் 30 வருஷம், கொடிக்காரர் 37 வருஷம். அந்த ஏழு வருஷத்துக்கு என்ன பெயர்?

சுவடி

நல்ல கேள்விதான். நிறம் ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது ஒன்றுதான் காரணம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி தருகிறேன். மேய்ன் மாநிலத்தின் 27-வது ரெஜிமெண்ட், முழுக்க வெள்ளையர். கெட்டிஸ்பர்க் நெருக்கடியில் அவர்களுடைய சேவைக்காலம் முடியப்போகிறது. வாஷிங்டனைக் காக்கக் கொஞ்ச நாள் கூடுதலாக இருங்கள், இருப்பவர்களுக்கு மெடல் ஆஃப் ஆனர் என்று அரசு சொன்னது. முந்நூறு பேர் வாக்கில் தங்கினார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். தங்கியவர்களும் சண்டை எதையும் பார்க்கவில்லை, நாலு நாளில் கிளம்பிவிட்டார்கள். யார் தங்கினார், யார் போனார் என்ற பட்டியல் குழப்பத்தில் 864 பதக்கம் அடித்து அனுப்பிவிட்டார்கள். 1917-ல் மறுஆய்வு செய்தபோது மொத்தம் 911 பதக்கங்களை ரத்து செய்தார்கள், அதில் இந்த 864-ம் அடக்கம்.

நெய்தல்வாசகன்

சுவடி அக்கா, இது தெரியாமல் "முதல்" என்று எழுதவிருந்தேன். நல்லவேளை, சித்தப்பா வரியை மேற்கோளோடு நிறுத்தினேன்.

864 என்ற எண்ணைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வாக்னர் கோட்டையில் 54-வது ரெஜிமெண்ட் இழந்தது, செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து, 600-க்கு 270 பேருக்கு மேல். அன்று மோதிய வடக்குப் படை முழுவதிலும் 1,500-க்கும் அதிகம். எதிர்ப்பக்கம் இருநூறைத் தொடவில்லை. பகல் முழுக்கப் பீரங்கியால் அடித்ததில் உள்ளே யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் மணல் மூட்டைக் காப்பறையில் பதுங்கியிருந்துவிட்டு, சத்தம் நின்றதும் வெளியே வந்தார்கள். இவர்களோ இரண்டு நாள் முன்னால் ஜேம்ஸ் தீவில் ஒரு சண்டை போட்டு, ராத்திரி மழையில் நடந்து, சரியான சாப்பாடு இல்லாமல் அங்கே வந்தவர்கள்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பிடிபடும் கறுப்பினச் சிப்பாயைப் போர்க்கைதியாக நடத்த மாட்டோம், அவர்களை நடத்திவரும் வெள்ளை அதிகாரிகளை அடிமைக் கலகம் தூண்டியவர்களாகத் தண்டிப்போம் என்று தெற்கு அரசு அறிவித்திருந்தது.

ஊர்சுற்றி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கொடியும் தாமதப் பதக்கமும் என்றால் இன்னொரு ஜோடி நினைவுக்கு வருகிறது. 1879 ஜனவரியில் ஜூலு நாட்டின் இசாண்ட்ல்வானாவில் பிரிட்டிஷ் படை அழிந்தபோது, 24-வது ரெஜிமெண்டின் ராணிக் கொடியைக் காப்பாற்றிக்கொண்டு பஃபலோ ஆற்றுக்கு ஓடிய மெல்வில், காக்ஹில் என்ற இரண்டு அதிகாரிகள். இருவரும் கரையில் கொல்லப்பட்டார்கள். கொடி ஆற்றில் போய்ப் பிறகு கிடைத்தது. பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அப்போது இறந்தவர்களுக்குத் தரப்படுவதில்லை. 1907-ல் விதியை மாற்றித்தான் கொடுத்தார்கள். 28 வருஷம்.

அவ்வளவுதான், கார்னிக்குத் திரும்புங்கள்.

பாஸ்டன் மழை

நான் இங்கே பாஸ்டனுக்குப் பக்கத்தில் பத்து வருஷமாக இருக்கிறேன். மாநில அரசு மாளிகைக்கு நேர் எதிரே, பீக்கன் தெரு ஓரத்தில் 54-வது ரெஜிமெண்டின் வெண்கலச் சிற்பம் இருக்கிறது. அகஸ்டஸ் செயிண்ட் காடன்ஸ் செய்தது. எடுத்துக்கொண்ட காலம் பதினான்கு வருஷம் வரை போய், 1897 மே 31-ல் திறந்தார்கள். குதிரையில் கர்னல் ஷா, அவரோடு சேர்ந்து நடக்கும் காலாட்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு முகமும் வேறு. ஒருவருக்குத் தாடி நரைத்திருக்கிறது, பக்கத்தில் மீசை முளைக்காத பையன். முதுகுச் சுமையில் சுருட்டிய கம்பளி, அதன் வார் தோளை அழுத்தும் இடத்தில் சட்டை சுருங்கியிருப்பது வரை செதுக்கியிருக்கிறார். குளிர்காலத்தில் அந்தச் சுருக்கத்தில் பனி தங்கும்.

முதல் முறை போனபோது பின்பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. சிற்பம் வைத்தபோது அதில் பொறித்தவை இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் மட்டும்தான். இறந்த கறுப்பினச் சிப்பாய்களின் பெயர்களை 1980-களில்தான் பின்புறம் சேர்த்தார்கள். இழையின் தலைப்பில் 37 வருஷம் என்று இருக்கிறதே, இந்தப் பெயர்களுக்கு ஆனது ஒரு நூற்றாண்டுக்கும் மேல்.

திறப்பு விழாவுக்குக் கார்னி வந்திருந்தார், அதே கொடியோடு. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பேசும்போது அவர் பக்கம் திரும்பிப் பேசினார். கார்னி எழுந்து கொடியை உயர்த்திக் காட்டினார். கூட்டம் ரொம்ப நேரம் அடங்கவில்லையாம். அப்போது அவருக்கு 57 வயது, சட்டையில் பதக்கம் கிடையாது. அது வர இன்னும் மூன்று வருஷம்.

சுவடி

இந்த மூன்று வருஷத்தைத்தான் குறுக்குக்கேள்விக்குச் சொல்ல நினைத்தேன். பாஸ்டனே எழுந்து நின்று கைதட்டிய பிறகும், ஆவணம் போட்டு, சாட்சி சொல்லி, கோப்பு நகர வேண்டியிருந்தது.

பதக்கத்தைவிட என்னைப் பிடித்துக்கொண்டது சம்பளக் கதை. யாரும் இன்னும் எடுக்கவில்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், துணிக்குத் தனிப்படி. 54-வது ரெஜிமெண்டில் சேரும்போது அதே சம்பளம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வந்தது 10 டாலர், அதிலும் துணிக்கு 3 பிடித்தம். கையில் 7. சார்ஜெண்டாக இருந்தாலும் அதே 7.

மொத்த ரெஜிமெண்டும் வாங்க மறுத்தது. மாசசூசெட்ஸ் அரசு, குறையும் தொகையை நாங்கள் போடுகிறோம் என்றது. அதையும் மறுத்தார்கள். தங்களைச் சமமாக மதிக்க வேண்டியது மத்திய அரசு, கை மடக்கிக் கொடுக்கும் உதவி வேண்டாம் என்றார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, ஒன்றரை வருஷம் வரை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. இவர்கள் சம்பளம் வாங்காமலே சண்டை போட்டார்கள். 1864 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் ஒலஸ்டீயில் களத்துக்குப் போகும்போது இவர்கள் எழுப்பிய கோஷம்: "மாசசூசெட்ஸுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் ஜே!"

1864 ஜூனில் காங்கிரஸ் சட்டம் போட்டது. அதிலும் ஒரு கண்ணி: 1861 ஏப்ரல் 19-ல் யாரெல்லாம் சுதந்திர மனிதராக இருந்தார்களோ அவர்களுக்குத்தான் சேர்ந்த நாளிலிருந்து முழுச் சம்பளம். அடிமையாக இருந்தவனுக்கு இல்லை. ரெஜிமெண்டில் இரண்டு வகையும் இருந்தார்கள். ஷாவுக்குப் பிறகு வந்த கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் குவேக்கர் குடும்பத்துக்காரர், அடிமைமுறையை எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவு அது. அவர் ஒரு சத்தியப் பிரமாணம் தயாரித்தார்: அந்தத் தேதியில் நான் யாருக்கும் கூலியில்லாத உழைப்பைக் கடன்பட்டிருக்கவில்லை, இது கடவுள் மீது ஆணை. சட்டத்தின் முன்னால் அடிமையாக இருந்தவனும் மனச்சாட்சிப்படி இதைச் சொல்லலாம் அல்லவா? எல்லோரும் சொன்னார்கள்.

குறுக்குக்கேள்வி

இந்த ஆளைப் பற்றி ஒரு இழை தொடங்கலாமே. கூலியில்லாத உழைப்பை எவனும் எவனுக்கும் கடன்படவில்லை. பொய்யே சொல்லாமல் சட்டத்தை வளைத்திருக்கிறார்.

துணி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், ஹவில்தார் ஐயா. பத்தடிக் கம்பு என்று சொன்னதும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பழைய ஹவில்தார்

பரவாயில்லை தம்பி.

சம்பளக் கதை எனக்கும் புதிது. சாப்பாடு தாமதமானாலே பாரக்கில் என்ன முணுமுணுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் சம்பளம் தொடாமல் ஒரு படைப்பிரிவு கலையாமல் நின்றது என்றால், என்னைக் கேட்டால் வாக்னர் கோட்டையைவிட அது பெரிது. கோட்டையில் ஏறுவது ஒரு மணி நேர வேகம். இது தினமும் காலையில் எழுந்து மறுபடி முடிவெடுக்க வேண்டிய காரியம்.

கார்னிக்கு அந்தப் பணம் வந்ததா?

சுவடி

அவர் காயத்தால் தகுதியில்லை என்று 1864 ஜூன் 30-ல் விடுவிக்கப்பட்டார். ரெஜிமெண்டின் கைக்குப் பணம் வந்தது அந்த இலையுதிர் காலத்தில்.

சைக்கிள் தபால்

வணக்கம். இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் யாருமே சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது, அது என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

கார்னி 1869-ல் நியூ பெட்ஃபோர்டில் தபால்காரரானார். 1901 வரை. 32 வருஷம். எல்லோரும் அரைமணி நேரக் கொடியைப் பேசுகிறீர்கள், இந்த 32 வருஷத்தை விட்டுவிட்டீர்கள்.

அமெரிக்காவில் வீடு வீடாகத் தபால் பட்டுவாடா தொடங்கியது எப்போது தெரியுமா? 1863 ஜூலை 1, 49 நகரங்களில். அதாவது இவர் கொடி பிடித்த அதே மாதம். அதற்கு முன்னால் நகரத்துக்காரர்களும் அஞ்சலகத்துக்கு நேரில் போய் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 1802-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள்: தபாலைச் சுமக்க சுதந்திரமான வெள்ளை ஆளைத் தவிர வேறு யாரையும் வைக்கக் கூடாது. அப்போது தபால் துறைத் தலைவராக இருந்த கிடியன் கிரேஞ்சர் காரணத்தை ஒளிக்கவில்லை. புத்திசாலியான கறுப்பினத்தவர்கள் ஊர் ஊராகத் தபாலோடு போனால் நாலு விஷயம் தெரிந்துகொள்வார்கள், மனிதனின் உரிமை நிறத்தைப் பொறுத்தது அல்ல என்று கற்றுக்கொள்வார்கள், அதை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒரு செனட்டருக்குக் கடிதம் எழுதினார். ஹைட்டியில் அடிமைகள் எழுந்ததைப் பார்த்த பயம் எல்லோருக்கும் இருந்த நேரம். அந்தத் தடையை நீக்கியது 1865 மார்ச்சில். கார்னி தபால்பையைத் தோளில் மாட்டியபோது, அது சட்டப்படி குற்றமாக இருந்த காலம் முடிந்து நாலே வருஷம்.

எழுத்துப் படிப்பது குற்றம் என்ற ஊரில் ரகசியமாகப் படித்தவர், முகவரி படிக்கும் வேலைக்கு வந்திருக்கிறார். நெய்தல்வாசகன் தம்பி முதல் பதிவில் எழுதிய அந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை.

நான் 1978-ல் சேர்ந்தேன். பீட் பதினாறு கிலோமீட்டர், பாதி சைக்கிள் போகாத வரப்பு. ஒரு தெருவில், கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நில் என்பார்கள். மணியார்டர் என்றால் மட்டும் கையெழுத்துப் போட வேண்டுமே, அப்போது பேனாவை நீட்ட வேண்டியிருக்கும். பேனாவைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். பத்து வருஷம் கழித்து, தன் மகனின் கடிதத்துக்குக் காத்திருந்தபோது, அவரே எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் ஒரு கறுப்பினத் தபால்காரர் அந்த ஊரின் ஒவ்வொரு வாசலிலும் என்னென்ன பார்த்திருப்பார் என்றுதான் என் யோசனை போகிறது.

அப்புறம், சங்கம். அமெரிக்கத் தபால்காரர்களின் தேசியச் சங்கம் 1889-ல் தொடங்கியது. நியூ பெட்ஃபோர்டில் அதன் 18-வது கிளையைத் தொடங்கியவர்களில் கார்னியும் ஒருவர். ஏழு டாலரை மறுத்த ஆள் சங்கம் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நெய்தல்வாசகன்

ஐயா, நீங்கள் இதுவரை எழுதாமல் இருந்ததற்கு உங்களிடம் சண்டை போட வேண்டும்.

1802 சட்டம் பற்றி எனக்குத் துளியும் தெரியாது. துப்பாக்கி கொடுக்கப் பயந்தார்கள் என்பது தெரியும், தபால்பை கொடுக்கவும் அறுபது வருஷம் பயந்தார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. இழையின் தலைப்பில் 37 என்று போட்டேன், மாற்ற முடிந்தால் 32 என்று போட்டிருப்பேன்.

ஒரு சந்தேகம். குண்டுக்காயத்தோடு ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர். 32 வருஷம் நடந்து தபால் கொடுப்பது உடம்புக்கு எப்படி முடியும்?

சைக்கிள் தபால்

முடியும் தம்பி. பீட் நடப்பது வேகம் இல்லை, தாளம். முதல் ஒரு மாதம் கால் வலிக்கும், அப்புறம் கால் நம்மைக் கேட்காமல் நடக்கும். வலிப்பது தோள்தான். பை எப்போதும் ஒரே பக்கம். என் இடது தோள் வலதைவிட ஒரு விரல் கீழே இறங்கி நிற்கும், தையல்காரர் இன்றுவரை சட்டை அளவெடுக்கும்போது சொல்வார். பனிக்காலத்தில் அந்த ஊரில் நடப்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாஸ்டன் நண்பர் சொல்லட்டும்.

பாஸ்டன் மழை

ஜனவரியில் வாசற்படியில் உறைந்த பனிமேல் கால் வைக்க எனக்கே பயம், வீட்டுக்கு வரும் தபால்காரர் காலணிக்கு அடியில் முள் போட்ட ரப்பர் பட்டை மாட்டியிருப்பார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூ பெட்ஃபோர்டுக்கே போய்ப் பார்த்தேன். ஓக் குரோவ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் மெடல் ஆஃப் ஆனர் பொன்னிறத்தில் பொறித்திருக்கிறது. ஊரில் அவர் பெயரில் ஒரு தொடக்கப் பள்ளியும் உண்டு. கல்லறைக்கு வழி கேட்ட கடைக்காரருக்குச் சிப்பாய் கார்னியைத் தெரியவில்லை, "கார்னி ஸ்கூலா?" என்றுதான் கேட்டார்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. பாஸ்டனில் அந்த அரசு மாளிகையில் தகவல் கொண்டுபோகும் பணியாளாக வேலை பார்த்தார். சிற்பத்துக்கு நேர் எதிரில். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பார். 1908 நவம்பரில் அங்கே லிஃப்டில் கால் சிக்கிக் காயம்பட்டு, டிசம்பர் 9-ல் இறந்தார். மாநில அரசு மாளிகையில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். அதுவரை கவர்னர் போன்ற பெரிய பதவிக்காரர்களுக்குத்தான் அப்படிச் செய்வது வழக்கம்.

குறுக்குக்கேள்வி

வாக்னர் கோட்டையில் தப்பியவரை லிஃப்ட் கொன்றிருக்கிறது. கடைசிக் கேள்வி, பிறகு தூங்கப் போகிறேன். அந்தக் கொடி இப்போது எங்கே?

சுவடி

மாசசூசெட்ஸ் அரசிடம்தான். போர் முடிந்து 1865 டிசம்பரில் மாநிலத்தின் ரெஜிமெண்ட்கள் எல்லாம் ஊர்வலமாக வந்து கொடிகளை ஒப்படைத்தன. அரசு மாளிகையில் அதற்கென்றே ஒரு மண்டபம் உண்டு. கார்னி வேலை பார்த்த அதே கட்டிடம்.

ஊர்சுற்றி

இவ்வளவு பேசினோம், யாரும் கவனிக்காத ஒரு சின்னக் கணக்கு. முதல் பதிவில் பிறந்த நாள் பிப்ரவரி 29 என்று இருக்கிறது. 1900 நான்கால் வகுபடும், ஆனாலும் லீப் வருஷம் இல்லை. பதக்கம் வந்த வருஷத்தில் மனுஷனுக்குப் பிறந்த நாளே கிடையாது. 1896-க்குப் பிறகு அடுத்தது 1904-ல்தான்.

சைக்கிள் தபால்

அந்த எட்டு வருஷமும் அவர் மற்றவர்களின் வாழ்த்து அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். 1901 வரைக்குமாவது.